கேனில் வருவது வெறும் சோப்புத் தண்ணி அல்ல

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பீர்கள். அதைத் தலைவர் பிறகு பேசுவார். நாங்கள் ஒரு தண்ணீர்ப் போத்தலில் இருந்து தொடங்குகிறோம்.

போன வருஷம் ஒரு நாள் இடைவேளை. தரம் 4 பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் தன் போத்தலைக் குலுக்கி விளையாடினான். போத்தல் கழுத்து வரை வெள்ளை நுரை. "என்னடா, சோடாவா?" என்று கேட்டோம். "இல்ல சேர், வீட்டுத் தண்ணி" என்றான். முகர்ந்து பார்த்தோம், பெரிதாக மணம் இல்லை. நாக்கு நுனியில் வைத்தால் கசப்பு. இரண்டு நாளாக வயிற்று வலி, வயிற்றோட்டம் என்று அவன் பள்ளிக்கு வராமல் இருந்தது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

பின்னேரம் லயத்துக்குப் போனோம். இஸ்தோப்பு மூலையில் 20 லீற்றர் வெள்ளைக் கேன். பீலியில் பிடித்த தண்ணீர் அதில்தான். தோட்டத்து மருந்துக் காம்பராவில் வேலை செய்கிற ஒருவரிடம் 200 ரூபாவுக்கு வாங்கியது. "மூணு தரம் நல்லா கழுவினேன் சேர். மருந்துக் கேன்னா வாங்குவேனா? இது சோப்புக் கேன்தானே" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போதே கையை நீட்டினார். விரல் இடுக்குகள் எல்லாம் வெடித்து, உள்ளங்கை செதில் செதிலாக உரிந்து கிடந்தது. மருந்தடிக்கிற நாட்களில் தண்ணீர் சுமப்பதும், அந்தச் "சோப்பை" அளந்து கலக்குவதும் அவர் வேலை. மருந்தடிக்கிற ஆட்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது வெறும் சோப்புதானே" என்று பதில் கிடைத்திருக்கிறது.

கேனில் பாதி கிழிந்த லேபல் இருந்தது. முழுக்க ஆங்கிலம். நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்தோம். ஒரு சதுரத்துக்குள் திரவம் ஊற்றிக் கை அரிக்கிற படம். இன்னொன்றில் செத்த மீனும் பட்ட மரமும். எழுத்துத் தெரியாவிட்டாலும் இந்தப் படங்களைத் தெரிந்து வைத்திருங்கள். உலகம் முழுக்க ஒரே அர்த்தம்தான். முதலாவது, கண்ணையோ தோலையோ கெடுக்கும் என்பது. இரண்டாவது, ஆற்று உயிர்களைக் கொல்லும் என்பது. வீட்டில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியில் இந்தப் படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, இது என்ன சாமான்? எங்கள் தோட்டத்தில் "சோப்பு" என்கிறோம், பக்கத்துத் தோட்டத்தில் "ஸ்டிக்கர்" என்கிறார்கள். தொழிற்சாலைகளில் இதற்கு அயனிலாப் பரப்பிழுவிசைக் குறைப்பி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் லேசானது. ஒரு சேம்பிலையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்து உருண்டையாக நிற்கும். இலையின் மேல் மெழுகு இருப்பதால் ஒட்டவும் மாட்டாது. அந்த இழுப்புத்தான் பரப்பிழுவிசை. இந்தத் திரவத்தில் கொஞ்சம் கலந்தால் அந்த இழுப்புப் பாதிக்கும் கீழே போய்விடும். துளி பரந்து இலையை நனைக்கும்.

இதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை தண்ணீரைத் தேடும், வால் எண்ணெயையும் மெழுகையும் தேடும். சவர்க்காரத்துக்கும் அப்படித்தான். ஆனால் சவர்க்காரத்தின் தலையில் மின்னேற்றம் உண்டு, இதற்கு இல்லை. அதனால்தான் "அயனிலா". தேயிலைக்குத் துத்தநாக சல்பேற்றுத் தெளிக்கிறோம், கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து தெளிக்கிறோம். அந்தத் தண்ணீரில் சாதாரணச் சவர்க்காரத்தைக் கரைத்தால் தயிர் திரிந்த மாதிரித் திரிந்துவிடும். இந்தத் திரவம் திரியாது. கடினமான தண்ணீரிலும் வேலை செய்யும். தோட்டங்கள் சவர்க்காரத்தை விட்டு இதை வாங்குவதற்கு அதுதான் காரணம்.

ஆகவே, இந்தச் சாமானே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஒழுங்காகப் பாவித்தால் மருந்து இலையில் நிற்கும், நிலத்தில் ஓடி வீணாகாது. அது நமக்கும் நல்லதுதான். நாங்கள் சொல்வது வேறு. இலையின் மெழுகைத் தேடிப் போகிற அதே வால், உங்கள் கையில் உள்ள எண்ணெய்ப் பசையையும் தேடிப் போகும். தோலுக்குக் காவல் அந்தப் பசைதான். அது போனால் தோல் காயும், வெடிக்கும். வெடித்த தோல் வழியாகக் கூடக் கலக்கிற களைக்கொல்லியும் சுலபமாக உள்ளே போகும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். மருந்தைத் தொடுகிறவருக்குக் கையுறை, சோப்பைத் தொடுகிறவருக்கு வேண்டாம் என்பது தலைகீழான கணக்கு.

களைக்கொல்லியைப் பற்றி இந்த நாட்டில் பேசாத ஆள் இல்லை. பரகுவாட்டை நிறுத்தினார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். 2021இல் எல்லா இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை, ஆறு மாதத்தில் அதுவும் மாறியது. அந்த நாட்களில் மலையில் புல்லு எவ்வளவு உயரம் வளர்ந்தது, கொழுந்து எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை பேச்சிலும் கூட வருகிற திரவத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பல கிளைபோசேட் மருந்துகளின் போத்தலுக்குள்ளேயே இந்த மாதிரியான ஒரு திரவத்தைக் கலந்துதான் விற்கிறார்கள். அதைத் தவறுதலாக விழுங்கியவர்களுக்கு வந்த கேட்டில் பெரிய பங்கு அந்தத் திரவத்துடையது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். அதில் மிருகக் கொழுப்பிலிருந்து செய்கிற ஒரு வகையைக் கிளைபோசேட்டுடன் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தடை போட்டது. நம் தேயிலையை வாங்கிக் குடிக்கிறவர்கள் தங்கள் வயலில் அதை விடவில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஏற்கனவே உள்ளே கலந்திருக்கிற மருந்துக்கு மேலே கேனில் இருந்து வேறு ஊற்றத் தேவையில்லை. மருந்தின் லேபல் கேட்டால் மட்டும், அது கேட்கிற அளவு. பெரும்பாலும் லீற்றருக்கு ஒன்று முதல் ஐந்து மில்லிலீற்றர் வரையில்தான் கேட்கும். லீற்றருக்கு ஒன்று என்றால் 16 லீற்றர் டாங்கிக்கு 16 மில்லிலீற்றர், ஒரு மேசைக்கரண்டியை விடச் சற்றுக் கூட. நம் ஆட்கள் டின்னால் மொண்டு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறோம். கூட ஊற்றினால் கூடப் பிடிக்கும் என்று நினைப்பு. ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரின் இழுப்பு மேலும் குறையாது. நுரைதான் கூடும், மருந்து இலையில் நிற்காமல் வழிந்து கொட்டும்.

கலக்குகிற ஒழுங்கைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பல கேடு இதிலிருந்துதான் வருகிறது. டாங்கியில் முதலில் இதை ஊற்றி, மேலே பீலித் தண்ணீரை அடித்து விட்டால் என்ன நடக்கும்? நுரை பொங்கி டாங்கிக்கு வெளியே வரும். அது மட்டுமல்ல, இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சத் தண்ணீர் பட்டால் கரையாமல் களி மாதிரிக் கட்டி தட்டும். அந்தக் கட்டி குழாயில் இறங்கி நுனியில் போய் அடைக்கும். மலையில் நிற்கிறவர் என்ன செய்வார்? நுனியைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். கங்காணி பார்த்துக்கொண்டிருப்பார், பேர் போய்விடும் என்ற பயம், கையில் வேறு சாமானும் இல்லை. அப்படித்தான் மருந்து வாய்க்குள் போகிறது. ஊதுகிறவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, கட்டி தட்டாமல் கலக்க வேண்டும். முதலில் டாங்கியில் முக்கால்வாசி தண்ணீர். பிறகு மருந்து. கடைசியாக இந்தத் திரவம், மெதுவாக, கிளறிக்கொண்டே. அதன் பிறகு மிச்சத் தண்ணீர். அடைத்தால் தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் போதும். ஒவ்வொரு மருந்தடிக் கூட்டத்துக்கும் அவை இரண்டும் இருக்க வேண்டும். இதற்கு எந்தத் துரையும் கணக்குப் பார்க்க முடியாது.

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். மார்கழி, தைப் பனியில் சில வகை கேனுக்குள்ளேயே தேன் மாதிரித் தடித்துவிடும். அப்போது அடுப்போரம் வைக்காதீர்கள். சுடுதண்ணீர் வாளிக்குள் கேனை இறக்கி வைத்தால் இளகிவிடும்.

தெறித்தால் என்ன செய்வது? கண்தான் முதல் பயம். கலக்காத திரவம் ஒரு துளி போதும், கண்ணின் கருவிழியைக் கெடுக்க. கசக்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். 15 நிமிஷம் என்பது நீங்கள் நினைப்பதை விட நீளம், யாராவது மணி பார்த்து நிற்க வேண்டும். கழுவிய பிறகு வலி இல்லை என்று திரும்ப மலைக்கு ஏறாமல் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். உடுப்பில் ஊற்றிக்கொண்டால் உடுப்பை உடனே கழற்ற வேண்டும். ஆண்கள் நடுவில் நிற்கிற பெண்கள் வெட்கத்தில் ஈர உடுப்போடேயே மாலை வரை நிற்கிறார்கள். ஒரு மாற்றுடுப்பும் மறைவான இடமும் கேட்பது அதனால்தான், வேறு சொகுசுக்காக அல்ல.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தொண்டைக்குள் விரல், ஒன்றும் வேண்டாம். வயிற்றில் இருந்து மேலே வரும்போது நுரைக்கும், அந்த நுரை நெஞ்சுக்குள், சுவாசப்பைக்குள் இறங்கும். வயிற்றில் இருப்பதை விட அதுதான் ஆபத்து. வாயைக் கழுவி, கேனையோ லேபலையோ கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்டத்து லொறி வரும் வரை காத்திராமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வேலை முடிந்து வந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேல்பக்கம் டாங்கி கழுவுவதையும் நிறுத்த வேண்டும். இதில் நம் ஆட்கள் மேலும் பிழை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

டாங்கி கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் குடும்பத்தில் நோனைல்பீனோல் எதொக்சிலேற்று என்று ஒரு வகை, விலை குறைவு. ஆற்றில் போய்ச் சிதைந்தால் நோனைல்பீனோல் என்ற பொருளாக மாறி நிற்கும். மீனுக்கு நஞ்சு, பெண் ஹோர்மோன் மாதிரியும் நடிக்கும். ஐரோப்பாவில் 2003இலேயே பெரும்பாலான பாவனைக்கு அதைக் கட்டுப்படுத்தி விட்டார்கள். அதற்குப் பதிலாக மதுசாரத்திலிருந்து செய்கிற எதொக்சிலேற்று வகை இருக்கிறது, சுலபமாகச் சிதையும். வாங்குகிற இடத்தில் எந்த வகை என்று கேட்க முடியும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் களனிக்குப் போகின்றன, தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை வழியாக மகாவலிக்குப் போகின்றன. களனித் தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. நம் லயத்துப் பிள்ளை குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு இதையாவது சொல்லிப் பார்க்கலாம்.

ஸ்டோரில் தரை கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுவுகிற திரவங்களிலும் இதுதான் இருக்கிறது. சிந்தினால் எண்ணெயை விட வழுக்கும், தண்ணீர் ஊற்றினால் நுரைத்து இன்னும் மோசம். மணலோ மரத்தூளோ போட்டு அள்ளி எடுங்கள், பிறகு கழுவுங்கள். குளோரினோடு வேறு கழுவும் திரவம் எதையும் கலக்காதீர்கள்.

இனிக் கேன். வெறும் கேன் வீட்டுக்கு வரவே கூடாது. மூன்று தரம் கழுவினால் போகாதா என்று கேட்கிறீர்கள். கழுவுவது தேவைதான், ஆனால் அந்தத் தண்ணீரைத் தெளிக்கிற டாங்கிக்குள் ஊற்ற வேண்டும், அதற்குப் பிறகு கேனைக் குத்தி ஓட்டை போட வேண்டும். பிளாஸ்டிக்கில் ஊறியது கழுவினால் முழுக்கப் போகாது, அந்தப் பையனின் போத்தலில் பார்த்தோம். அதே மாதிரி, கொஞ்சம் பாத்திரம் கழுவ என்று சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வருவதையும் விடுங்கள். சோடாப் போத்தலில் இருப்பதைப் பிள்ளை சோடா என்றுதான் நினைக்கும்.

தண்ணீர் வைக்கப் பாத்திரம் இல்லாமல்தான் அந்த அம்மா கேன் வாங்கினார். அது எங்களுக்குத் தெரியும். லயத்துக்குக் குழாய் வந்திருந்தால் யாரும் 200 ரூபா கொடுத்து நஞ்சை வாங்க மாட்டார்கள். கேனை விடுங்கள் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, குழாய் கேட்காமல் விட்டால் நாங்கள் பாதி வேலைதான் செய்கிறோம்.

நிர்வாகத்திடம் என்ன கேட்டோம்? தடிப்பான நைத்திரில் கையுறை, கண்ணாடி, கலக்குகிறவருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் சேர்த்து. அளக்கிற கோப்பை. கேனில் தமிழிலும் சிங்களத்திலும் லேபல். வெறும் கேன்களுக்குக் கணக்கு. மருந்துப் போத்தல்களுக்கு 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, மும்மொழி லேபலோடு வருகின்றன. இந்தக் கேன் "சோப்பு" என்ற பெயரில் தப்பிப் போகிறது. முதல் கூட்டத்தில் சிரித்தார்கள். லேபல் துண்டை மேசையில் வைத்தோம், சிரிப்பு நின்றது. இப்போது நான்கு பேருக்கு ஒரு சோடி கையுறை வந்திருக்கிறது. ஒருவர் கழற்றி மற்றவர் போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் நான்கு பேருக்கும்தான். ஆளுக்கொரு சோடி என்று மறுபடி எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

கை வெடித்தவர்கள், கண் எரிந்தவர்கள் ஒன்று செய்ய வேண்டும். டிஸ்பென்சரிக்குப் போகும்போது "கை கடிக்குது" என்று மட்டும் சொல்லாமல், "மருந்துக்குச் சோப்பு கலக்கிக் கை வெடித்தது" என்று சொல்லி, அதைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், திகதியோடு. வேலையில் வந்த காயத்துக்கு 1934ஆம் ஆண்டிலிருந்தே நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத காயத்துக்கு அந்தச் சட்டத்தில் நட்டஈடு வாங்குவது கஷ்டம். அந்த அம்மாவின் கைக்கு எட்டு மாதமாகக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் "சொறி" என்றுதான் எழுதியிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மடத்தில் பத்து மணிக்கு இருப்போம். உங்கள் தோட்டத்தில் பாவிக்கிற கேனின் லேபலை போனில் படம் எடுத்து வாருங்கள், ஆங்கிலமோ சிங்களமோ, வாசித்துச் சொல்கிறோம். எந்த லயத்தில் எத்தனை வீட்டில் தண்ணீர்க் கேன் இருக்கிறது என்று மாதர் தலைவிகள் எண்ணிக்கொண்டு வர வேண்டும், வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். குழாய் கேட்டு எழுதுகிற கடிதத்தில் அந்த எண்ணிக்கையைப் போடப் போகிறோம்.